கூற்று, சான்று, நடுவில் ஒரு பாலம்: கல்லூரி மாணவருக்கு விமர்சன வாசிப்பும் எழுத்தும்

பள்ளியில் பாடநூல் சொல்வதுதான் கடைசி வார்த்தை. அதில் இருப்பதைப் புரிந்துகொண்டு, நினைவில் வைத்து, தேர்வில் எழுதினால் போதும். கல்லூரிக்கு வந்ததும் இந்த ஏற்பாடு சொல்லாமல் கொள்ளாமல் மாறிவிடுகிறது. ஒரே தலைப்பில் மூன்று கட்டுரைகளைக் கொடுத்து, "படித்துவிட்டு எழுதி வாருங்கள்" என்கிறார் பேராசிரியர். மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. மாணவர் உண்மையாகவே உழைத்து மூன்றையும் படிக்கிறார், மூன்றிலும் உள்ளதைச் சுருக்கி நான்கு பக்கம் எழுதிக் கொடுக்கிறார். திருத்தி வந்த தாளின் ஓரத்தில் ஒரே வரி: "சுருக்கம் நன்றாக இருக்கிறது. உங்கள் வாதம் எங்கே?"

பலர் இங்கேதான் திகைத்து நிற்கிறார்கள். ஒரு துறையில் முப்பது ஆண்டுகள் இருப்பவர் எழுதியதைப் பற்றி, நேற்றுச் சேர்ந்தவர் என்ன வாதம் செய்ய முடியும்? தயக்கம் நியாயமானதுதான். ஆனால் அந்த அறிஞரைவிட உங்களுக்கு அதிகம் தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அவர் தன் முடிவுக்கு எந்த வழியாக வந்தார், அந்த வழி எங்கே உறுதியாக இருக்கிறது, எங்கே தளர்கிறது என்று பார்த்துச் சொல்லத்தான் கேட்கிறார்கள். அதற்குக் கவனமும் சில பழக்கங்களும் போதும். அவை கற்றுக்கொள்ளக் கூடியவை.

தொடங்கும் முன் ஒரு தப்பெண்ணத்தை விலக்கிவிடலாம். விமர்சனத்தோடு படிப்பது என்றால் குறை கண்டுபிடிப்பது என்று நினைத்துக்கொண்டு, சிலர் எந்தக் கட்டுரையைக் கொடுத்தாலும் அதில் மூன்று குறைகளைத் தேடுகிறார்கள். எதையும் நம்பாமல் படிப்பவரும் எல்லாவற்றையும் நம்பிப் படிப்பவரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள்: படிப்பதற்கு முன்பே முடிவெடுத்துவிடுகிறார்கள். ஒரு கட்டுரையை நுணுகிப் பார்த்துவிட்டு "இது சரி, ஏன் சரியென்றால்" என்று காரணங்களோடு எழுதினால் அதுவும் விமர்சனமே.

ஒரு வாதத்தைப் பிரித்துப் பார்ப்பது

பிரிட்டிஷ் தத்துவவாதி ஸ்டீஃபன் டூல்மின், மக்கள் நடைமுறையில் செய்யும் வாதங்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்பதை ஆராய்ந்து, 1958இல் ஓர் அமைப்பை முன்வைத்தார். அதில் ஆறு உறுப்புகள் உண்டு. தொடக்கத்தில் மூன்று தெரிந்தால் போதும். முதலாவது கூற்று: எழுதியவர் நம்மை ஏற்கச் சொல்வது. இரண்டாவது சான்று: அதற்கு ஆதாரமாக அவர் காட்டுவது. மூன்றாவது, சான்றிலிருந்து கூற்றுக்குப் போக அவர் நம்பியிருக்கும் பொதுவான எண்ணம். இந்த மூன்றாவதைப் பாலம் என்று வைத்துக்கொள்வோம். கூற்றும் சான்றும் தாளில் இருக்கும். பாலம் பெரும்பாலும் எழுதப்படாமலே இருக்கும், ஏனென்றால் எழுதியவருக்கு அது சொல்லத் தேவையில்லாத அளவு இயல்பாகத் தோன்றுகிறது. விமர்சன வாசிப்பின் பெரும்பகுதி, தாளில் இல்லாத அந்த மூன்றாவதைக் கண்டுபிடிப்பதுதான்.

ஒரு சிறு உதாரணத்தை எடுத்துக்கொண்டு நிதானமாகப் பார்க்கலாம்.

"நூலகத்துக்கு அடிக்கடி போகும் மாணவர்கள், போகாதவர்களைவிட அதிக மதிப்பெண் எடுக்கிறார்கள். எனவே எல்லா மாணவர்களும் வாரத்துக்கு ஐந்து மணி நேரம் நூலகத்தில் இருப்பதைக் கட்டாயமாக்க வேண்டும்."

கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. கூற்று எது? வருகையைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது. சான்று எது? நூலகம் போகிறவர்கள் அதிக மதிப்பெண் எடுக்கிறார்கள் என்பது. இப்போது சான்றை அப்படியே உண்மை என்று ஏற்றுக்கொள்ளுங்கள். அது உண்மையாகவே இருந்தாலும், அங்கிருந்து கூற்றுக்குப் போக வேறு என்னென்ன உண்மையாக இருக்க வேண்டும்?

ஒன்று, நூலகத்துக்குப் போவதால்தான் மதிப்பெண் கூடியிருக்க வேண்டும். வேறு விதமாகவும் இருக்கலாமே. படிப்பில் ஏற்கெனவே ஆர்வம் உள்ளவர்கள் நூலகத்துக்கும் போகிறார்கள், மதிப்பெண்ணும் எடுக்கிறார்கள் என்று ஆகலாம். பகுதிநேர வேலைக்குப் போகும் மாணவருக்கு நூலகத்துக்கும் நேரமில்லை, படிக்கவும் நேரமில்லை என்றும் ஆகலாம். அப்போது மதிப்பெண் வித்தியாசத்துக்குக் காரணம் நேரம், நூலகம் கிடையாது.

இரண்டு, தாமாகப் போகிறவருக்குக் கிடைத்த பலன் கட்டாயத்தின் பேரில் போகிறவருக்கும் கிடைக்க வேண்டும். இது தனியான ஒரு கேள்வி. முதல் பாலம் உறுதியாக இருந்தாலும் இரண்டாவது உடையலாம்.

மூன்று, அந்த ஐந்து மணி நேரத்தில் மாணவர் வேறு எதைச் செய்திருப்பாரோ, அதைவிட நூலகத்தில் இருப்பது பயனுள்ளதாக இருக்க வேண்டும். இது வெறும் தகவலால் தீர்கிற விஷயமில்லை. எது முக்கியம் என்ற மதிப்பீடு இதில் கலந்திருக்கிறது.

இங்கே நாம் சான்றை மறுக்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். எண்ணிக்கை பொய் என்று சொல்லவில்லை, எழுதியவருக்கு உள்நோக்கம் இருப்பதாகச் சொல்லவில்லை, நூலகம் பயனற்றது என்றும் சொல்லவில்லை. "இந்தச் சான்று இந்த முடிவைத் தாங்குமா?" என்று மட்டுமே கேட்டோம். முதலாண்டு மாணவருக்கும் பேராசிரியருக்கும் இந்தக் கேள்வியைக் கேட்கச் சம உரிமை உண்டு. ஒருவேளை கட்டுரையின் பிற்பகுதியில் ஆசிரியரே இவற்றுக்குப் பதில் வைத்திருக்கலாம். ஒரே அளவு நேரமும் ஆர்வமும் உள்ள இரண்டு குழுக்களை அவர் ஒப்பிட்டிருக்கலாம். அப்படியென்றால் அவருடைய வாதம் பலமானது என்று நீங்கள் காரணத்தோடு சொல்ல முடியும்.

இதே பாலம் வகுப்பறைக்கு வெளியே, மருத்துவத்தில், பெரும் விளைவுகளோடு உடைந்திருக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஹார்மோன் மாத்திரைகள் இதய நோயைத் தடுக்கும் என்று 1990களில் மருத்துவர்கள் பரவலாக நம்பினார்கள். சான்று இருந்தது: ஹார்மோன் எடுத்துக்கொண்ட பெண்களை எடுத்துக்கொள்ளாதவர்களோடு ஒப்பிட்ட பெரிய ஆய்வுகளில், எடுத்துக்கொண்டவர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. அப்புறம் அமெரிக்காவில் பெண்கள் நல முன்முயற்சி என்ற ஆய்வு, 16,000-க்கும் மேற்பட்ட பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையையும் மறுபாதிக்கு மருந்தில்லாத மாத்திரையையும் கொடுத்தது. 2002இல் ஆய்வின் இந்தப் பகுதியைத் திட்டமிட்ட காலத்துக்கு முன்பே நிறுத்த வேண்டியதாயிற்று. ஹார்மோன் பெற்றவர்களிடம் இதய நோய் குறையவில்லை, சற்றுக் கூடியிருந்தது. மார்பகப் புற்றுநோயும் பக்கவாதமும் கூடியிருந்தன. முந்தைய ஆய்வுகளில் ஹார்மோன் எடுத்துக்கொண்ட பெண்கள் பொதுவாகவே வசதியும் உடல்நல அக்கறையும் அதிகம் உள்ளவர்களாக இருந்தது, வித்தியாசத்துக்குச் சொல்லப்பட்ட முக்கியமான விளக்கங்களில் ஒன்று. எந்த வயதில் மருந்தைத் தொடங்குகிறார்கள் என்பதைப் பொறுத்துப் பலன் மாறலாம் என்ற விவாதம் அதன் பிறகும் நடந்தது. நூலகத்துக்குத் தாமாகப் போகும் மாணவரைப் பற்றிக் கேட்ட அதே கேள்விதான் இங்கும்.

பேனாவோடு படிப்பது

சரி, உண்மையான ஒரு கட்டுரையைக் கையில் எடுத்தால் எப்படிப் படிப்பது? இரண்டு முறை படியுங்கள் என்பேன். முதல் முறை வாதம் செய்யாமல் படியுங்கள். எழுதியவர் எதைச் சொல்ல வருகிறார், யாருக்குப் பதில் சொல்கிறார், எது மாறினால் மகிழ்வார் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். முடித்ததும் கட்டுரையை மூடிவிட்டு, அவருடைய வாதத்தை நான்கைந்து வாக்கியங்களில் எழுதிப் பாருங்கள். அதை அவரே படித்தால் "ஆமாம், இதைத்தான் சொன்னேன்" என்று ஒத்துக்கொள்வாரா? ஒத்துக்கொள்ள மாட்டார் என்றால் விமர்சிக்கும் நேரம் இன்னும் வரவில்லை. மாணவர் கட்டுரைகளில் நான் பார்க்கும் மோசமான விமர்சனங்களில் பெரும்பாலானவை, ஆசிரியர் சொல்லாத ஒன்றை அவர் மேல் ஏற்றிவிட்டு அதை வீழ்த்துபவை.

இரண்டாவது முறை பேனாவோடு. இங்கே ஹைலைட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்க உளவியலாளர் ஜான் டன்லோஸ்கியும் அவருடைய குழுவினரும் பத்துக் கற்றல் உத்திகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் ஒரு மதிப்பீடு வெளியிட்டார்கள். கோடிடுவதற்கும் வண்ணம் பூசுவதற்கும் அதில் கிடைத்தது தாழ்ந்த மதிப்பீடு. தன்னைத் தானே கேள்வி கேட்டுச் சோதிப்பதற்கும், படிப்பை நாட்களில் பரப்பிக்கொள்வதற்கும் உயர்ந்த மதிப்பீடு. வண்ணம் பூசும்போது கை வேலை செய்கிறது, அந்த வரியை வைத்துக்கொண்டு நாம் எதுவும் செய்வதில்லை. அதனால் ஓரத்தில் சொற்களால் எழுதுங்கள். ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில், அது என்ன சொல்கிறது என்பதைவிட என்ன வேலை செய்கிறது என்று குறிப்பது பலன் தரும்: "எதிர்த்தரப்பை அறிமுகம் செய்கிறார்", "உதாரணம்", "சொல்லை வரையறுக்கிறார்", "இங்கே தாவுகிறார்", "இதற்குச் சான்று இல்லை". பத்து பத்திகளுக்கு இப்படி எழுதியதும் கட்டுரையின் எலும்புக்கூடு ஓரத்தில் தெரிந்துவிடும். இரண்டு பத்திகளுக்கு நடுவே ஓர் அடி விடுபட்டிருந்தால் அதுவும் தெரியும்.

"வெளிப்படையாகவே", "யாரும் மறுக்க முடியாது", "இயல்பாகவே", "அனைவரும் அறிந்ததே" போன்ற சொற்கள் வரும் இடத்தில் நின்று படியுங்கள். எழுதியவர் பாலத்தைக் காட்டாமல் கடக்கும் இடம் அநேகமாக அதுவாகவே இருக்கும்.

ஆய்வுக் கட்டுரைகளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. சுருக்கத்தையும் முடிவுரையையும் முதலில் படித்துக் கூற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு நேராக ஆய்வுமுறைப் பகுதிக்குப் போங்கள். யாரை ஆராய்ந்தார்கள், எத்தனை பேர், அவர்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், எதோடு ஒப்பிட்டார்கள்? மாணவர்கள் தாண்டிக் குதிக்கும் பகுதி இதுதான், வாதம் நிற்பதும் இதன் மேல்தான்.

எண்களைக் கண்டு பின்வாங்க வேண்டாம்

கட்டுரையில் சதவீதம் வந்தால் கலைப்பிரிவு மாணவர்கள் பலர் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் எண்களிடம் கேட்க வேண்டிய முதல் இரண்டு கேள்விகளுக்குக் கணக்கே தேவையில்லை. எதிலிருந்து எதற்கு? யாரிடமிருந்து?

1995இல் பிரிட்டனில் மருந்துப் பாதுகாப்புக் குழு ஓர் எச்சரிக்கை விடுத்தது. புதிய வகைக் கருத்தடை மாத்திரைகள், கால் ரத்தக் குழாய்களிலோ நுரையீரலிலோ ஆபத்தான ரத்தக் கட்டி ஏற்படும் வாய்ப்பை இரு மடங்காக்குகின்றன என்பது செய்தி. இரு மடங்கு என்றால் நூறு சதவீத உயர்வு. பீதியில் பல பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள், அடுத்த ஆண்டில் விரும்பாத கருவுறுதல்களும் கருக்கலைப்புகளும் ஆயிரக்கணக்கில் கூடின. எதிலிருந்து எதற்கு இரு மடங்கு? பழைய மாத்திரையில் 7,000 பேரில் ஒருவர், புதியதில் 7,000 பேரில் இருவர். "இரு மடங்கு" என்பது பொய் கிடையாது. ஆனால் முடிவெடுக்க வேண்டிய பெண்ணுக்குத் தேவைப்பட்டது அந்த 7,000 என்ற எண்.

இரண்டாவது கேள்விக்கு 1936ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தல். லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை சுமார் ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேற்பட்டவை திரும்பி வந்தன. அவற்றை எண்ணி, ஆல்ஃப்ரட் லேண்டன் வெல்வார் என்று அறிவித்தது. நடந்ததோ ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46இல் வென்றது. பெயர்ப்பட்டியலைத் தொலைபேசி ஏடுகள், கார் பதிவேடுகள் போன்றவற்றிலிருந்து எடுத்திருந்தார்கள். பொருளாதார மந்த காலத்தில் தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்கள் யார் என்று யோசியுங்கள். அதோடு, பதில் அனுப்பச் சிரத்தை எடுத்தவர்களும் அனுப்பாதவர்களும் ஒரே மாதிரியாக வாக்களிக்கவில்லை. பெரிய எண்ணிக்கை இந்தக் கோளாறைச் சரிசெய்யாது.

மூலத்தைத் தேடிப் போவது

அறிவியலில் அலட்சியம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு கதை சொல்வார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு வேதியியலாளர் ஸ்பினாச் கீரையின் இரும்புச் சத்தை எழுதும்போது தசமப் புள்ளியை இடம் மாற்றிவிட்டாராம், அதனால் பத்து மடங்கு அதிகமான எண் உலகெங்கும் பரவிவிட்டதாம். 1981இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு கட்டுரை, மூலம் எதையும் காட்டாமல் இதைச் சொன்னது. அதைப் பார்த்து மற்றவர்கள் எழுதினார்கள், அவர்களைப் பார்த்து இன்னும் பலர். பின்னாளில் மூலத்தைத் தேடிப் போனவர்களுக்கு அந்தத் தசமப் பிழைக்கு ஆதாரமே கிடைக்கவில்லை. நார்வே மானுடவியலாளர் ஓலே பியோர்ன் ரெக்டால் 2014இல் வெளியிட்ட கட்டுரையில் இந்த மேற்கோள் சங்கிலியைக் கண்ணி கண்ணியாக எடுத்துக்காட்டுகிறார். கவனக்குறைவைக் கண்டிக்கும் கதையே யாரும் சரிபார்க்காமல் பரவியிருக்கிறது.

மாணவருக்கு இதிலிருந்து ஒரு நேரடியான பழக்கம் கிடைக்கிறது. ஒரு கட்டுரை வேறொன்றை மேற்கோள் காட்டி, அந்த மேற்கோள் உங்கள் வாதத்துக்கு முக்கியமாகவும் இருந்தால், மூலத்தைத் திறந்து அந்தப் பக்கத்தைப் பாருங்கள். எல்லா மேற்கோளுக்கும் இது முடியாது, தேவையும் இல்லை. உங்கள் முடிவு எதன் மேல் நிற்கிறதோ அந்த இரண்டு மூன்றுக்குச் செய்தால் போதும். மூலத்தில் "சில சமயங்களில்" என்று இருந்தது மேற்கோளில் "எப்போதும்" ஆகியிருப்பதை அடிக்கடி பார்ப்பீர்கள்.

இணையத்தில் கிடைப்பதற்கு இன்னொரு உத்தி இருக்கிறது. சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ ஆகிய ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், வரலாற்றாசிரியர்கள் பத்துப் பேர், தொழில்முறைச் செய்திச் சரிபார்ப்பாளர்கள் பத்துப் பேர், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக இளநிலை மாணவர்கள் 25 பேர் ஆகியோரிடம் சில இணையதளங்களைக் கொடுத்து நம்பகத்தன்மையை மதிப்பிடச் சொன்னார்கள். மாணவர்களில் பலரும், வரலாற்றாசிரியர்களில் சிலரும்கூட, அந்தத் தளத்திலேயே தங்கி அதன் தோற்றம், சின்னம், "எங்களைப் பற்றி" பக்கம் ஆகியவற்றைப் பார்த்து முடிவெடுத்தார்கள். சரிபார்ப்பாளர்களோ வந்த வேகத்தில் தளத்தை விட்டு வெளியேறி, வேறு பக்கங்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கு வந்தவர்கள் அவர்கள்தான். முன்பின் தெரியாத ஒருவர் தன்னைப் பற்றித் தானே சொல்வதை எவ்வளவு நேரம் ஆராய்ந்தாலும் தெரிவது கொஞ்சம்தான்.

நமக்குப் பிடித்ததைப் படிக்கும்போது

இதுவரை சொன்னதெல்லாம் மற்றவர் எழுத்தைப் பற்றியது. கடினமான பகுதி வேறு. நமக்குப் பிடிக்காத முடிவைச் சொல்லும் கட்டுரையில் பாலத்தின் விரிசல்கள் உடனே கண்ணில் படுகின்றன. நமக்கு உடன்பாடான கட்டுரையில் அதே அளவு விரிசல் இருந்தாலும் தெரிவதில்லை.

உளவியலாளர் பீட்டர் வேசன் 1960இல் ஓர் எளிய சோதனை செய்தார். 2, 4, 6 என்ற மூன்று எண்களைக் கொடுத்து, இவை ஒரு விதிக்கு உட்பட்டவை, நீங்கள் வேறு மூன்று எண்களைச் சொல்லுங்கள், அவை விதிக்குப் பொருந்துமா இல்லையா என்று சொல்கிறேன், விதி எதுவென்று கண்டுபிடியுங்கள் என்றார். பெரும்பாலோர் "இரண்டிரண்டாகக் கூடுகிறது" என்று ஊகித்து, 8, 10, 12 என்றும் 20, 22, 24 என்றும் கேட்டார்கள். பொருந்தும் என்று பதில் வந்தது. உறுதியாகிவிட்டது என்று விதியைச் சொன்னால், தவறு. உண்மையான விதி: எந்த மூன்று எண்களானாலும் ஏறுவரிசையில் இருந்தால் போதும். தன் ஊகத்தை உடைக்கக் கூடிய ஒன்றை, உதாரணமாக 1, 2, 50 என்பதைக் கேட்டிருந்தால் உடனே தெரிந்திருக்கும். முதல் முறையே சரியாகச் சொன்னவர்கள் குறைவு.

அசைன்மென்டுக்குச் சான்று தேடும் மாணவரும் பெரும்பாலும் 8, 10, 12 என்று கேட்டுக்கொண்டே போகிறார். முதலிலேயே முடிவு செய்துவிட்டு அதற்கு ஆதரவான ஐந்து கட்டுரைகளைச் சேர்க்கிறார். ஐந்தும் கிடைத்துவிடும். தேடும் சொற்களையே மாற்றி, உங்கள் முடிவு தவறு என்று சொல்லக் கூடிய மிக நல்ல ஒரு கட்டுரையைத் தேடிப் படிப்பது அந்த ஐந்தைவிட அதிகம் கற்றுக்கொடுக்கும். என்னைக் கேட்டால், கல்லூரிப் படிப்பு முழுவதிலும் இந்த ஒரு பழக்கத்துக்கு ஈடான வேறொன்று இல்லை.

இனி எழுதுவது

நன்றாகப் படித்தவர்கூட எழுத உட்கார்ந்ததும் சுருக்கத்துக்குத் திரும்பிவிடுகிறார். "இவர் இப்படிச் சொல்கிறார், அவர் அப்படிச் சொல்கிறார்." மற்றவர் கருத்தின் முன் என்னென்ன நிலைகள் எடுக்கலாம் என்று தெரியாததும் இதற்கு ஒரு காரணம். பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் எழுதிய நன்னூலின் பாயிரத்தில் நூலாசிரியர் கொள்ளும் எழுவகை மதங்கள் (இங்கே மதம் என்றால் கருத்துநிலை) வரிசையாக இருக்கின்றன, அவை இன்றைய மாணவருக்கு அப்படியே உதவும். பிறர் கருத்தோடு உடன்படலாம். மறுக்கலாம். முதலில் ஏற்றுக்கொண்டு போய், பின் அதைக் களையலாம். தானே ஒன்றை முன்வைத்து அதை நிலைநிறுத்தலாம். இருவர் மாறுபடும் இடத்தில் ஒரு பக்கத்தைத் துணியலாம். பிறர் நூலின் குற்றத்தைக் காட்டலாம். பிறரோடு சேராமல் தன் கருத்திலேயே நிற்கலாம். எழுதத் தொடங்கும் முன் இந்த ஏழில் நான் செய்யப்போவது எது என்று கேட்டுக்கொண்டால், சுருக்கம் தானாகவே வாதமாகத் திரும்பும். முதலாண்டு மாணவருக்கு மூன்றாவதும் ஐந்தாவதும் நல்ல தொடக்கம். மூன்றாவதில் எதிர்த்தரப்பின் பலத்தை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும், ஐந்தாவதில் இரு பக்கத்தையும் நியாயமாகப் படித்திருக்க வேண்டும். இரண்டும் படிப்பவருக்கு உங்கள் மேல் நம்பிக்கை தரும்.

அந்த நூலக வாதத்தையே எடுத்து இரண்டு விதமாக எழுதிப் பார்க்கலாம். முதலில் வழக்கமாக வரும் பத்தி:

"ஆசிரியர் நூலக வருகையைப் பற்றி எழுதியுள்ளார். நூலகம் செல்லும் மாணவர்கள் அதிக மதிப்பெண் பெறுவதாகக் கூறுகிறார். வருகையைக் கட்டாயமாக்க வேண்டும் என்கிறார். இது மிகவும் முக்கியமான கருத்தாகும். ஆனால் இதில் சில குறைகளும் உள்ளன."

இப்போது இன்னொன்று:

"நூலக வருகையும் மதிப்பெண்ணும் சேர்ந்தே உயர்கின்றன என்பதை ஆசிரியர் தரும் எண்ணிக்கை தெளிவாகக் காட்டுகிறது. ஆனால் அந்த எண்ணிக்கை தாமாக விரும்பிச் சென்றவர்களைப் பற்றியது, அவர் பரிந்துரைக்கும் விதியோ விருப்பமில்லாதவர்களையும் உட்படுத்துகிறது. மதிப்பெண்ணுக்குக் காரணம் அவர்களிடம் ஏற்கெனவே இருந்த ஆர்வம் என்றால், கட்டாயம் அந்த ஆர்வத்தைத் தரும் என்று எதிர்பார்க்கக் காரணம் இல்லை. ஆகவே இந்தச் சான்று நூலகத்தை நீண்ட நேரம் திறந்து வைப்பதற்கு ஆதரவாக நிற்கலாம், வருகையைக் கட்டாயமாக்குவதற்குப் போதாது."

இரண்டாவது பத்தியில் கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. முதல் வாக்கியம் ஆசிரியருக்குரியதை அவருக்குக் கொடுத்துவிடுகிறது. இரண்டாவது, இடைவெளி எங்கே என்று காட்டுகிறது. மூன்றாவது, அந்த இடைவெளி ஏன் பொருட்படுத்த வேண்டியது என்று சொல்கிறது. நான்காவது, சான்று எவ்வளவு தூரம் போகும், எங்கே நிற்கும் என்று அளந்து வைக்கிறது. "சில குறைகள் உள்ளன" என்று எழுதத் தோன்றும் ஒவ்வொரு முறையும் அந்தக் குறையின் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் மையக் கூற்று உண்மையிலேயே கூற்றுதானா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. விவரம் தெரிந்த, நேர்மையான ஒருவர் அதை மறுக்க முடியுமா? "சமூக ஊடகங்களில் நன்மையும் தீமையும் உண்டு" என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள், அதனால் அதை வைத்து நான்கு பக்கம் எழுதவும் முடியாது. "முதலாண்டு மாணவர்களுக்கு வகுப்புக் குழுக்களில் வரும் செய்திகள் பாடத்தைவிடப் பதற்றத்தையே அதிகம் கொடுக்கின்றன" என்பதை மறுக்கலாம், அப்படியென்றால் அதை நிறுவவும் வேண்டும்.

வினைச்சொற்களில் கவனம் வையுங்கள். "நிரூபிக்கிறது", "காட்டுகிறது", "சுட்டுகிறது", "இருக்கலாம் என்று எண்ண இடமளிக்கிறது" ஆகியவை ஒன்றுக்கொன்று மாற்றாக எழுதக் கூடியவை அல்ல. ஓர் ஆய்வு சுட்டுவதை நிரூபிப்பதாக எழுதினால், உங்கள் கட்டுரையிலேயே ஒரு பாலம் உடைகிறது. மறுபக்கம், எல்லா வாக்கியத்திலும் "ஒருவேளை", "கூடும்" என்று போட்டுக்கொண்டே போனால் நீங்கள் எதையும் சொல்லவில்லை என்றாகிவிடும். சான்று எவ்வளவு தாங்குமோ அவ்வளவு சொல்லுங்கள்.

மேற்கோளை வெறுமனே ஒட்டிவிட்டு அடுத்த பத்திக்குப் போகாதீர்கள். யார், எந்தச் சூழலில் சொன்னது என்று அறிமுகம் செய்து, மேற்கோளைத் தந்து, அது உங்கள் வாதத்துக்கு ஏன் தேவை என்று ஒரு வாக்கியமாவது எழுதுங்கள். சொந்தச் சொற்களில் எழுதினாலும் கருத்து யாருடையது என்று குறிப்பிட்டே ஆக வேண்டும். மூலத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் மாற்றுவது சொந்தச் சொற்களில் எழுதுவது ஆகாது. மூடிவிட்டு எழுதி, பிறகு திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரு கட்டுரையைச் சுருக்கித் தரச் சொன்னால் அவை நொடியில் தருகின்றன. ஆனால் சுருக்கும்போதுதான் கூற்று எது, உதாரணம் எது என்று மனம் பிரித்துப் பார்க்கிறது. அந்த வேலையை வேறொன்றிடம் கொடுத்துவிட்டால் பயிற்சியும் அதோடு போய்விடும். மேலும் இந்தக் கருவிகள் இல்லாத கட்டுரைகளின் பெயர்களை, இருப்பவை போலவே உருவாக்கித் தந்துவிடுவதுண்டு. எனவே அவை தரும் எந்த மேற்கோளையும் மூலத்தில் பார்க்காமல் பயன்படுத்த வேண்டாம். உங்கள் வரைவைக் கொடுத்து "இதற்கு வலுவான எதிர்வாதம் என்ன?" என்று கேட்பது, உங்கள் கல்லூரி விதிகள் அனுமதித்தால், பயனுள்ள பயன்பாடு.

வரைவு முடிந்ததும் ஒருநாள் ஆறப் போட்டுவிட்டு, வேறொருவர் எழுதியது போல அதைப் படியுங்கள். முன்பு மற்றவர் கட்டுரையின் ஓரத்தில் எழுதியது போலவே, உங்கள் ஒவ்வொரு பத்திக்கும் அது என்ன வேலை செய்கிறது என்று குறியுங்கள். எதுவும் எழுதத் தோன்றாத பத்தியை எடுத்துவிடலாம். ஒரே குறிப்பு இரண்டு பத்திகளுக்கு வந்தால் சேர்த்துவிடலாம். பெரும்பாலும் மூன்றாவது நான்காவது பக்கத்தில்தான் உங்கள் உண்மையான கூற்று வெளிப்பட்டிருக்கும். எழுத எழுதத்தான் அது உங்களுக்கே தெரிந்திருக்கும். அதைத் தூக்கி முதல் பக்கத்தில் வைத்து, மற்றதை அதற்கேற்ப மாற்றி எழுதுங்கள்.

பழகிக்கொள்ள வாரம் ஒரு சிறிய கட்டுரை போதும், நாளிதழின் தலையங்கப் பக்கக் கட்டுரையே சரியான அளவு. ஒரு நோட்டில் மூன்று வரிகள் எழுதுங்கள்: கூற்று, சான்று, பாலம். முதல் இரண்டும் சீக்கிரம் வந்துவிடும். மூன்றாவது வராவிட்டால் இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, மறுநாள் "இந்தச் சான்று உண்மையாக இருந்தும் இந்த முடிவு தவறாக இருக்க வழி உண்டா?" என்று கேட்டுப் பாருங்கள். அப்படி ஒரு வழி தோன்றினால், அதை அடைக்க ஆசிரியர் எதை நம்பியிருக்கிறாரோ அதுதான் அந்தக் காலி வரியில் எழுத வேண்டியது.